கொழும்பில் ஒரு பழைய பென்ஸும் அதன் ஒட்டோ கியர் பெட்டியும்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123 வரிசைக் கார்கள் கொழும்பு வீதிகளில் இன்னும் அரிதாகிவிடவில்லை. 1976 முதல் 1980களின் நடுப்பகுதி வரை விற்பனையில் இருந்த அந்த வரிசையைச் சேர்ந்த 230ஈ பெற்றோல் கார் ஒன்றை, 1983ஆம் ஆண்டுத் தயாரிப்பு, பல ஆண்டுகளாக அன்றாடப் பாவனையில் வைத்திருக்கிறேன். இங்கே அதன் நான்கு வேக ஒட்டோ கியர் பெட்டியைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். இந்தக் காரை வாங்க நினைப்பவர்கள் முதலில் அஞ்சுவது அதற்குத்தான். வைத்திருப்பவர்கள் பணத்தைக் கொட்டுவதும் அதில்தான். என் அனுபவத்தில் அச்செலவின் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. கியர் பெட்டியின் மேல் விழும் பழிகளில் பல, அதற்கு வெளியே இருக்கும் ரப்பர் குழாய்களுக்கும் தண்டு இணைப்புகளில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் வளையங்களுக்கும் உரியவை.

1980ஐ ஒட்டி வந்த 722.3 பெட்டியும், சிறிய எஞ்சின்களுக்கான 722.4 பெட்டியும் ஒயில் அழுத்தத்தைக் கொண்டே தீர்மானம் எடுப்பவை. ஆக்சிலரேற்றரை முழுதும் மிதிக்கும்போது கீழ்க் கியருக்கு இறக்கும் கிக்டவுனுக்கான மின்சார வால்வு ஒன்றைத் தவிர மின்னியல் சமாச்சாரம் எதுவும் இல்லை. ஆகவே ஸ்கேனர் மாட்டிக் கோளாறை வாசிக்க வழியில்லை. கார் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதைப் பெட்டியின் பின்தண்டால் சுழற்றப்படும் கவர்னர் என்ற வேகம் உணரும் பாகம் சொல்கிறது. ஆக்சிலரேற்றர் எவ்வளவு மிதிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒரு கேபிள் சொல்கிறது. எஞ்சின் எவ்வளவு சுமையில் இருக்கிறது என்பதை, உள்ளிழுக் குழாயின் வெற்றிடத்தை உணரும் மொடியூலேற்றர் சொல்கிறது. முதல் இரண்டும் கியர் எப்போது மாறுவது என்பதையும், மூன்றாவது எவ்வளவு அழுத்தத்துடன் மாறுவது என்பதையும் பெரிதும் தீர்மானிக்கின்றன. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. கியர் பிந்தி அல்லது முந்தி மாறினால் கேபிளையும் கவர்னரையும் பார்க்க வேண்டும்; நேரத்துக்கு மாறியும் உதைத்தாலோ வழுக்கினாலோ வெற்றிடப் பக்கம் போக வேண்டும்.

என் காரில் முதலில் தோன்றியது உதைதான். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பின்னால் யாரோ மோதியதுபோல் இருக்கும். ஒரு கராஜில் பெட்டியை இறக்கி கிளச் தட்டுகள் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னோரிடத்தில் மனுவல் பெட்டி போட்டுவிடலாம் என்று விலையும் சொன்னார்கள். கொட்டாஞ்சேனையில் இந்தக் கார்களோடு நரைத்த மெக்கானிக் பாஸ் ஒருவர் மட்டும், “முதல்ல மேல பாப்பம் தம்பி, கீழ படுக்கிறது பிறகு,” என்று பொனட்டைத் திறந்தார். மொடியூலேற்றருக்குச் செல்லும் வெற்றிடக் குழாயின் முழங்கை வடிவ ரப்பர் இணைப்பு வெடித்திருந்தது. வெற்றிடம் போய்ச் சேராவிட்டால், ஆக்சிலரேற்றர் முழுதும் மிதிக்கப்பட்டிருப்பதாகவே மொடியூலேற்றர் எடுத்துக்கொள்ளும். அதனால் மெதுவாக ஓட்டும்போதும் உச்ச அழுத்தத்தில் கியரைப் பிடிக்கும். அதே வெடிப்பின் வழியே கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் போகும். கே-ஜெட்ரோனிக் எரிபொருள் அமைப்பு அத்தகைய காற்றைச் சற்றும் பொறுக்காது என்பதால் ஐடிலிங்கும் குலையும். குலைந்த ஐடிலிங்கைச் சரிக்கட்டப் பலர் அதன் வேகத்தை உயர்த்திவிடுவார்கள். அப்போது பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸில் போடும்போது வரும் உதையும் சேர்ந்துகொள்ளும். ஒரு துண்டு ரப்பர், மூன்று முறைப்பாடுகள்.

மொடியூலேற்றரின் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு கிழிவது வேறு கதை. அப்போது எஞ்சின் கியர் ஒயிலை உறிஞ்சி எரிக்கும். புகைக்குழாயில் வெண்புகை வரும். கீழே ஒரு சொட்டும் ஒழுகாமலே ஒயில் மட்டம் குறைந்துகொண்டு போகும். இதை எஞ்சின் ரிங் தேய்மானம் என்று எண்ணி எஞ்சினைப் பிரிப்பவர்கள் உண்டு. மொடியூலேற்றரில் இருக்கும் வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் போதும். அதற்குள் சிவப்பு ஒயில் இருந்தால் சவ்வு போய்விட்டது என்று பொருள்.

ஒயில் மட்டம் பார்ப்பதில் இங்கே நடக்கும் குழப்பம் கொஞ்சமல்ல. சமதரையில், கியர் ஒயில் நன்கு சூடேறிய பிறகு, எஞ்சினை ஓடவிட்டு, லீவரைப் பார்க்கிங்கில் வைத்தே பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் இரு கோடுகளுக்கும் இடையிலான அளவு ஏறத்தாழ 0.3 லீற்றர்தான், ஒரு லீற்றர் போத்தலை அப்படியே கவிழ்க்கும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. மிகையான ஒயில் சுழலும் பாகங்களில் அடிபட்டு நுரைக்கும். நுரைத்த ஒயில் அழுத்தத்தைத் தாங்காது. ஒயில் குறைந்தபோது வரும் அதே வழுக்கலே மறுபடியும் வரும். துடைக்கும் துணி நூல் உதிராததாக இருக்க வேண்டும் என்பதும் வீண் எச்சரிக்கை அல்ல, ஏனெனில் வால்வுகளின் துவாரங்கள் மிகச் சிறியவை.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது இந்த ஒயில் மட்டக் குழப்பம் வேறு உருவில் வந்தது. கியூஆர் பங்கீட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கிய நாட்களில் பழைய கார்கள் பல வீட்டோடு நின்றுவிட்டன. நீண்ட நாள் நிற்கும் காரில் எஞ்சினின் விசையை ஒயில் வழியே பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டரில் உள்ள ஒயில், பெட்டியின் அடியில் இருக்கும் கீழ்த்தட்டுக்கு வடிந்துவிடும். ஸ்டார்ட் செய்து ‘டி’யில் போட்டால் கார் சில நொடிகள் அசையாது, எஞ்சினை ஓடவிடாமல் பார்த்தால் டிப்ஸ்டிக் மட்டுமீறிக் காட்டும். அதை நம்பி ஒயிலை உறிஞ்சி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். சிறிது நேரம் ஓடவிட்டபின் இயல்புக்குத் திரும்பினால் அது கோளாறே அல்ல. மாறாக, ஒவ்வொரு நாளும் முன்னோக்கிப் பிடிக்கத் தாமதமாகி, ரிவர்ஸ் மட்டும் உடனே பிடித்தால், பெட்டிக்குள் பி2 எனப்படும் பிரேக் பட்டியை இறுக்கும் பிஸ்டன் சந்தேகத்துக்குரியது. அதைப் பெட்டியை இறக்காமலே மாற்றலாம் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

ஒயில் மாற்றம் இந்தப் பெட்டியில் முழுமையாகச் செய்யக்கூடியது. கீழ்த்தட்டில் ஒரு வடிகால் ஆணி இருப்பதுபோல் டோர்க் கன்வேர்ட்டரிலும் ஒன்று உண்டு. எஞ்சினைக் கையால் சுழற்றி அதைக் கீழே கொண்டுவர வேண்டும். பல கராஜ்களில் இதைத் தொடுவதில்லை. அதனால் பழைய ஒயிலில் பாதிக்குக் கிட்ட உள்ளேயே தங்கிவிடுகிறது. பில்டர், கீழ்த்தட்டு காஸ்கட் இரண்டையும் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கலாம், ஆயினும் பழைய மாதிரியைக் கையோடு கொண்டு சென்று ஒப்பிட்டே வாங்குகிறேன். கழற்றிய தட்டில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது வழமையானதே. உலோகச் சிராய்களோ கரிய கிளச் தட்டுத் துணுக்குகளோ கிடந்தால் மட்டுமே பெட்டியை இறக்கும் பேச்சுக்கு நியாயம் உண்டு. ஒயில் இளஞ்சிவப்புப் பாலாகத் தெரிந்தால் றேடியேற்றருக்குள் இருக்கும் குளிர்விப்பான் வெடித்து நீர் கலந்திருக்கிறது. அந்த நிலையில் ஒரு கிலோமீற்றர்கூட ஓட்டக்கூடாது. றேடியேற்றரைக் காலம் பார்த்து மாற்றுவது, கியர் பெட்டிக்குச் செய்யும் பராமரிப்பு என்றே நான் கருதுகிறேன்.

லீவரைப் போடும்போது ‘டக்’ என்ற ஒலி கேட்டால் பெட்டியைப் பார்க்குமுன், பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் கார்டன் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர்த் தட்டுகளைப் பார்க்க வேண்டும். போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்பு விழுந்திருக்கும். பார்க்கிங்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் மட்டும் ஆவது பெரும்பாலும் லீவர்த் தண்டின் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்ததால்தான்.

மொடியூலேற்றர் அழுத்தத்தைச் சரிசெய்தபின் கொழும்புக்குள் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. காலி வீதி நெரிசலில் மூன்றாம் கியரே வருவதில்லை. கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றமே சரியான இடம். அரை மிதியில் ஏறும்போது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் எஞ்சின் ஒரு கணம் தனியே உறுமினால் அழுத்தம் போதவில்லை. கிளச் தட்டுகளைத் தின்பது அந்த உறுமல்தான். ஆகவே சற்று உணரத்தக்க இறுக்கத்துடனேயே வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் அதைக் குறையாகச் சொல்வதுண்டு. பெட்டியின் ஆயுளை நினைத்து நான் அதை மாற்றுவதில்லை.

இப்போது எஞ்சியிருப்பது முன்பக்கப் பம்ப் சீலில் ஒரு கசிவு மட்டுமே. அதற்குப் பெட்டியை இறக்கியே ஆகவேண்டும் என்பதால், சீல்களையும் ரப்பர்த் தட்டுகளையும் வாங்கி வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே இறக்கத்தில் மாற்றும்படி கொட்டாஞ்சேனைப் பாஸிடம் சொல்லியிருக்கிறேன்.