அ-வில் தொடங்கலாமா, ட-வில் தொடங்கலாமா?

மூத்தவனுக்கு அ, ஆ, இ, ஈ என்ற வரிசையில்தான் எழுதக் கற்றுக்கொடுத்தேன். சின்னவளுக்கு ட, ப, ம என்று தொடங்கினேன். இருவருக்கும் அப்போது நாலரை வயது. யாராவது என்னைக் கேட்டால் ட-வில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அகர வரிசையின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் அ எழுதித்தானே ஆரம்பிக்கிறோம். பாட்டாகச் சொல்லவும் எளிது. ஆனால் வாய்க்கு எளிதாக இருப்பது கைக்கு அப்படி இல்லை. அ-வுக்குச் சுழியும் வளைவும் கோடும் ஒன்றாக வேண்டும். இ இன்னும் கடினம். மூத்தவன் இ-யிலேயே மூன்று வாரம் நின்றான். ஒருநாள் பலப்பத்தைப் போட்டுவிட்டு எழுந்தே போய்விட்டான்.

ட-வுக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு, பிறகு வலப்பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்த முனையிலிருந்து மேலே இழுத்தால் ப. அதையே கொஞ்சம் உள்ளே வளைத்தால் ம.

ஆனால் நான் ட பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் கையெழுத்து இல்லை, சொல். பன்னிரண்டு உயிரெழுத்தும் தெரிந்த பிறகும் மூத்தவனால் எழுத முடிந்தது ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்கள்தான். சின்னவளோ மூன்று எழுத்தும் புள்ளியும் தெரிந்ததுமே படம், மடம், பட்டம், மட்டம் என்று எழுதினாள். ஒற்றெழுத்தை விட்டுவிடுவது பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கும் பிழை. அதை முதல் மாதத்திலேயே காதால் பழக்க முடிந்தது. படம் என்னும்போது ட மென்மையாக ஒலிக்கும். பட்டம் என்னும்போது நாக்கு ஒரு கணம் அழுத்தி நிற்கும். அந்த இடத்தில்தான் ட் வருகிறது. ஒருநாள் காற்றாடி வரைந்து கீழே ‘படம்’ என்று எழுதியிருந்தாள். "நீயே வாசி கண்ணு" என்றேன். வாசித்தாள், சிரித்தாள், நடுவில் ட் சேர்த்தாள். அப்புறம் துணைக்கால் வந்ததும் பாடம், மாமா, டப்பா எல்லாம் தானாகவே வந்தன.

இரண்டே பிள்ளைகளை வைத்துச் சொல்கிறேன். சின்னவள் அண்ணன் எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவள், அதுவும் உதவியிருக்கலாம். கொ, கோ-வில் கொம்பு முன்னால் வருவது இருவரையுமே குழப்பியது. ல, ள, ழ-வுக்கு எந்த வரிசையும் கைகொடுக்கவில்லை. பள்ளியில் அ, ஆ-தான் முதலில் எழுதச் சொன்னார்கள். அதற்காக அந்த வரிசையைப் பாட்டாக முன்பே பழக்கி வைத்திருந்தேன்.

இப்போது ண, ன-வுக்கு வந்திருக்கிறோம். ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன் என்று நண்டு, வண்டி, கன்று, மன்றம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.