டைமிங் பெல்ட் போனபின்: பெல்ட் மட்டுமா, ஹெட் வேலையா, பழைய இன்ஜினா?

கானாடுகாத்தான் வீட்டில் நிற்கும் அப்பச்சியின் டீசல் கார் ஒன்பது வருடத்தில் 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். பொங்கல், முன்னோருக்கான படைப்பு, கல்யாணம் என்று ஊருக்கு வந்தால்தான் வண்டி வெளியே வரும். இன்ஜினில் கீழே பிஸ்டன்களோடு சுற்றும் கிராங்க் தண்டையும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட்தான் டைமிங் பெல்ட். குறைவாக ஓடின வண்டிக்கு அதை மாற்ற என்ன அவசரம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ரப்பருக்கு ஓட்டம் மட்டும் கணக்கில்லை, வயதும் கணக்கு. பிள்ளையார்பட்டி போய்த் திரும்பும் வழியில், குன்றக்குடி தாண்டியதும் இன்ஜின் சட்டென்று நின்றது.

செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றியது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே சாவியை எடுத்துவிட வேண்டும். நான் இன்னும் இரண்டு முறை அடித்தேன், அது இன்றும் உறுத்துகிறது.

காரைக்குடி மெக்கானிக் மேல் கவரைக் கழற்றியபோது பெல்ட் முழுசாகத்தான் தெரிந்தது. கீழே கிராங்க்கை ஸ்பானரால் கொஞ்சம் திருப்பினார், மேலே கேம் அசையவே இல்லை. கிராங்க் புல்லி பக்கத்தில் பல் உரிந்துபோயிருந்தது. "பாத்தா நல்லாருக்கும்ணே, கடிக்காது" என்றார். பெல்ட் அறுந்திருந்தாலும் பல் போயிருந்தாலும் விளைவு ஒன்றுதான்: கேம் நின்றுவிடும், திறந்தபடி நிற்கும் வால்வில் பிஸ்டன் இடிக்கும்.

பெல்ட்டை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்பதுதான் மலிவான வழி. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி உள்ள சில பழைய பெட்ரோல் இன்ஜின்களில் இது போதும். டீசலில் அந்த இடைவெளி மிகக் குறைவு, அதனால் சோதிக்காமல் இதில் இறங்கக் கூடாது. தற்காலிகமாகப் பெல்ட்டைப் போட்டு, ஒவ்வொரு சிலிண்டராக வால்வுகள் மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, உள்ளே காற்றை ஏற்றினால் உண்மை தெரிந்துவிடும். ஏர் ஃபில்டர் பக்கம் காற்று சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. எங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் சீறியது.

அடுத்தது ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல் பகுதியை, இறக்குவது. நாங்கள் இதைத்தான் எடுத்தோம், இன்னொரு முறை கேட்டாலும் இதையே சொல்வேன். ஆனால் வளைந்த வால்வை மாற்றியதோடு நிறுத்திக்கொள்ளும் வேலையாக இருக்கக் கூடாது. நாங்கள் எட்டு வால்வையும் மாற்றினோம். வால்வு கைடு, கேம், ராக்கர் எல்லாவற்றிலும் விரிசல் பார்க்க வேண்டும். ஹெட் மட்டமாக இருக்கிறதா என்று லேத் பட்டறையில் பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. நாலு பிஸ்டனையும் மேல் எல்லைக்குக் கொண்டுவந்து டயல் கேஜ் என்ற நுண்ணளவு மீட்டர் வைத்து அளந்தால், ஒன்று மட்டும் தாழ்ந்திருக்கும்போது அந்த ராடு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் ஹெட்டை மூடினால் அத்தனை செலவும் வீண். ஹெட் போல்ட்டும் கேஸ்கெட்டும் புதிதாக வேண்டும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது ஓடும் வழியில் தாங்கும் ஐட்லர் உருளை, அந்தப் பெல்ட்டே சுற்றுகிற வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. அவற்றில் ஒரு பேரிங் இறுகினாலும் புதுப் பெல்ட் போய்விடும். கேம் சீலில் ஆயில் கசிந்தாலும் அதே கதிதான். எல்லாம் பூட்டியபின் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, எங்கும் தட்டவில்லை என்று தெரிந்த பிறகே செல்ஃப்.

சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய இன்ஜின் வாங்கிப் போடலாம் என்று சித்தப்பா சொன்னார். அதில் நாள் மிச்சமாகலாம். ஆனால் அந்த இன்ஜின் எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டும். பல டீசல்களில், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் கோடு எண்ணையும் வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அப்புறம் அதன் பெல்ட்டின் வயது? அதையும் முதலில் மாற்றித்தான் ஏற்ற வேண்டும். பிஸ்டன் உடைந்திருந்தாலோ, பிளாக்கில் அடி விழுந்திருந்தாலோ இந்த வழியை யோசிக்கலாம்.

எங்கள் ராடு நாலும் ஒரே மட்டத்தில் இருந்தன. ஆறாவது நாள் வண்டி ஓடியது. பெல்ட் கவரின் மேல் மாற்றிய தேதியை வெள்ளைப் பெயின்டில் எழுதச் சொன்னேன், கிலோமீட்டர் எழுதவில்லை.