ஸ்கேன் அறையில் இருந்த அம்மாவை வீட்டில் திருப்பிப் படுக்க வைத்த ஏஜென்சி

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த 12ஆம் நாள் காலை 9.30 மணிக்கு அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றி ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனோம். காத்திருந்து, எடுத்து முடித்து, வீடு திரும்ப மாலை 4.30 ஆகிவிட்டது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஹோம் நர்ஸ் ஏஜென்சி அனுப்பியிருந்த பெண்ணும் எங்களுடன்தான் வந்திருந்தார். படுக்கைப் புண் வராமல் இருக்க அம்மாவை எப்போது எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார் என்று எழுதும் பதிவேடு ஒன்று உண்டு. அன்றைய தேதியிட்ட பக்கத்தில் அது சொல்வது இது: 10 மணி, இடது பக்கம். 12 மணி, மல்லாக்க. 2 மணி, வலது பக்கம். 4 மணி, மறுபடி இடது பக்கம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அவருடைய கையெழுத்து. பக்கத்தின் அடியில், "சரிபார்த்தேன்" என்று அச்சடித்த இடத்தில் இன்னொரு கையெழுத்து. அது என்னுடையது.

அதனால் முழுப் பழியையும் அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஆனாலும் அந்த ஏஜென்சி எங்களுக்கு விற்றது என்ன, கொடுத்தது என்ன என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் அன்றைக்கு இருந்த அதே பதற்றத்தில் இந்த நேரம் யாரோ ஒருவர் டிஸ்சார்ஜ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போனில் ஹோம் நர்ஸ் தேடிக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்கு 74 வயது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு பாதி போய்விட்டது. விழுங்கினால் புரையேறும் என்று மூக்கு வழியே குழாய், சிறுநீருக்குக் கதீட்டர், டயப்பர். "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னது முந்தின நாள் மாலை. எங்களுக்கு இருந்தது ஒரே ராத்திரி. போனில் பேசிய ஏஜென்சிக்காரர் நிதானமாக, இனிமையாகப் பேசினார். "டிரெயின்டு நர்ஸ் மேடம். 24 மணி நேரமும் வீட்லயே இருப்பாங்க. நீங்க எதையும் பார்க்க வேண்டாம்." ஒரு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டினோம். அம்மா என்ன எடை, தானாகப் புரண்டு படுப்பாரா, தோலில் ஏற்கெனவே எங்காவது சிவந்திருக்கிறதா என்றெல்லாம் அவர் கேட்கவே இல்லை. முகவரியைக் கேட்டார். வருகிறவர் படுக்க இடம் இருக்கிறதா என்று கேட்டார். அவ்வளவுதான். அப்போது அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. சீக்கிரம் வேலை முடிந்ததே என்றுதான் இருந்தது.

வந்த பெண் நல்லவர், இதையும் சொல்ல வேண்டும். அம்மாவிடம் பிரியமாகப் பேசுவார், தலை வாரிவிடுவார். ஆனால் அவர் நர்ஸ் இல்லை. சான்றிதழைக் காட்டுங்கள் என்று நான் கேட்டதே 20ஆம் நாள்தான். ஏஜென்சி அனுப்பிய படத்தில் இருந்தது 3 நாள் முதலுதவி வகுப்பில் கலந்துகொண்டதற்கான தாள். மூக்குக் குழாயில் உணவு கொடுப்பதை வேறொரு வீட்டில் இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாராம். இதை அவரே ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

முதல் கோளாறு 4ஆம் நாள் வந்தது. கட்டிலைத் தட்டையாக வைத்தபடியே குழாயில் உணவு ஏற்றிவிட்டார். அம்மாவுக்கு அடக்க முடியாத இருமல், கண்ணெல்லாம் சிவந்து மூச்சு வாங்கியது. உணவு ஏற்றும்போதும், ஏற்றி முடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரையும், தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். நிமோனியா வர அது ஒன்று போதும். இது டிஸ்சார்ஜ் தாளிலேயே இருந்தது. நான் படித்திருந்தேன். அவர் படித்தாரா என்று பார்க்கவில்லை.

உடனே ஏஜென்சிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். சூப்பர்வைசர் அந்தப் பெண்ணிடம் போனிலேயே, "இனிமே எப்பவும் தலைப்பக்கத்தைத் தூக்கியே வைம்மா" என்றார். பிரச்சினை தீர்ந்தது. நான் நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

படுக்கைப் புண் அங்கேதான் ஆரம்பித்தது. "எப்பவும்" என்று சொன்னால் எப்பவும்தான். அன்றிலிருந்து கட்டில் நாள் முழுக்க, ராத்திரி முழுக்க, 45 டிகிரியில் நின்றது. அந்தச் சாய்வில் உட்காரவும் படுக்கவும் இல்லாத ஓர் உடம்பு மெல்ல மெல்லக் கீழே சறுக்கும். எலும்பும் சதையும் கீழே இறங்கும், மேல்தோல் மட்டும் விரிப்பில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நசுங்கும். சறுக்கிய அம்மாவை அந்தப் பெண் அக்குளில் கை கொடுத்து மேலே இழுப்பார். தனி ஆளாக வேறு எப்படிச் செய்வது? அந்த ஒவ்வோர் இழுப்பிலும் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் தோல் உராயும். உணவு நேரத்துக்கு மட்டும் உயர்த்திவிட்டு, பிறகு 30 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறக்க வேண்டும், தூக்கும்போது இரண்டு பேர் விரிப்போடு சேர்த்துத் தூக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஏஜென்சியிலிருந்து ஒரு செவிலியர் ஒரே ஒரு தடவை வந்து கட்டிலைப் பார்த்திருந்தால் போதும். போனில் கட்டில் தெரியாது.

உடம்பின் ஒரே இடத்தில் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளும் காற்று மெத்தை இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அம்மாவை ஒருக்களிக்க வைக்க வசதியாக இருக்கட்டும் என்று அந்தப் பெண் முதல் வாரமே பம்ப்பின் திருகை உச்ச அழுத்தத்துக்கு ஏற்றியிருக்கிறார். பிறகு இறக்கவில்லை. அம்மா 18 நாள் கிட்டத்தட்டப் பலகையில் படுத்திருந்தார். பம்ப்பின் பச்சை விளக்கு எரிகிறதா என்று நான் தினமும் பார்த்துத் திருப்திப்பட்டேன்.

11ஆம் நாள் டயப்பர் மாற்றும்போது தற்செயலாக உள்ளே போனேன். கூச்சப்படுவார் என்று அதுவரை அந்த நேரத்தில் நான் வெளியே நிற்பதுதான் வழக்கம். இடுப்புக்குக் கீழே உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு நிறமாற்றம். "படுத்தே இருக்காங்கல்ல மேடம், அப்படித்தான் இருக்கும்" என்றார். பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டார். தேய்க்கவே கூடாத இடம் அது. உள்ளே ஏற்கெனவே நைந்திருக்கும் திசுவைத் தேய்த்தால் இன்னும் நையும். விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் அது முதல் நிலைப் படுக்கைப் புண், தோல் கிழியாவிட்டாலும். கருத்த தோலில் சிவப்பே தெரியாமல் போகலாம். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, சதசதவென்றோ, கொஞ்சம் கூடுதல் கருப்பாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா இடது கையால் என் புடவையைப் பிடித்துக்கொண்டு "எரி... எரி..." என்றார். கதீட்டரைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

20ஆம் நாள் கதீட்டர் மாற்ற ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செவிலியர் வந்தார். வந்ததும் கைகழுவ இடம் கேட்டார், முழங்கைவரை நிதானமாகக் கழுவினார். அந்த 20 நாளில் எங்கள் வீட்டில் நான் பார்க்காத காட்சி. சிறுநீர்ப் பை தரையில் கிடந்ததை எடுத்துக் கட்டிலின் ஓரக் கம்பியில், அம்மாவின் இடுப்பைவிடத் தாழ்வாக மாட்டினார். பை மேலே இருந்தால் சிறுநீர் திரும்ப உள்ளே போகும், தரையில் கிடந்தால் கிருமி ஏறும் என்றார். 15ஆம் நாள் வந்த காய்ச்சலுக்குக் காரணம் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. அப்புறம், "அம்மாவைத் திருப்புங்க, முதுகைப் பார்க்கணும்" என்றார்.

அதை விவரிக்க எனக்கு மனமில்லை. தோல் முழுசாகப் போய் உள்ளே கொழுப்பு தெரிந்தது என்று மட்டும் சொல்கிறேன். நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை. நான்காவதில் தசையோ எலும்போகூடத் தெரியும்.

செவிலியர் மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார், திருகைப் பார்த்தார், கட்டிலின் சாய்வைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைக் கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாகவே எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வீதம் ஒரு நாளைக்கு 12 முறை, 19 நாளுக்கு 228 முறை திருப்பியதாக அதில் இருந்தது. ஒன்றுகூட விடுபடவில்லை. அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இந்தப் பொண்ணு எப்போம்மா தூங்குது?" என்று மட்டும் கேட்டார்.

ராத்திரி 12, 2, 4, 6. பகலிலும் அவர்தான். மாற்று ஆள் கிடையாது, வார விடுமுறை கிடையாது. 24 மணி நேரச் சேவை என்று ஏஜென்சி விற்றது ஒரு மனுஷியின் தூக்கத்தை. அது எங்கள் மூளையில் ஏறவே இல்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னார்: காலையில் எழுந்ததும் நாள் முழுமைக்கும் பக்கத்தை நிரப்பிவிட்டால்தான் மற்ற வேலை ஓடும், பதிவேட்டில் ஓட்டை இருந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். திருப்பாததற்கு எந்தத் தண்டனையும் இல்லை. எழுதாததற்குத்தான் தண்டனை. ஸ்கேன் போன நாள் பக்கம் காலை 9.30-க்கு முன்னாலேயே நிரம்பியிருந்தது.

ஏஜென்சியின் பதில் மூன்று போன்களில் மூன்று விதமாக வந்தது. முதலில், "வயசானவங்களுக்குப் படுக்கைப் புண் வர்றது சகஜம் மேடம்." அடுத்து, "ஆளை மாத்தித் தர்றோம்." மாற்றாக வந்தவர் நல்ல ஜலதோஷத்தோடு, தும்மிக்கொண்டே வந்தார். வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினோம். மூன்றாவது தடவை, ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னார்கள். படித்தோம். விளம்பரத்தில் "எங்கள் செவிலியர்கள்" என்று இருந்தது, ஒப்பந்தத்தில் "பணியாளரை அறிமுகப்படுத்தும் இடைத்தரகர் மட்டுமே" என்று ஆகியிருந்தது. பணியாளரின் செயலுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. அதன் கீழேயும் என் கையெழுத்து. அந்த மாதம் நான் போட்ட கையெழுத்துகள் எல்லாமே இப்படித்தான்.

இப்போது இன்னோர் இடத்திலிருந்து ஆள் வருகிறது. இந்தத் தடவை போனில் நான்தான் கேள்வி கேட்டேன், எரிச்சல்படும் அளவுக்கு. ஆள் வருவதற்கு முன்னால் பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்ப்பாரா என்பது முதல் கேள்வி. இரண்டு ஏஜென்சிகள் அங்கேயே நழுவின. மூன்றாவது இடத்திலிருந்து வந்தவர் ஒரு தாளை எடுத்து அம்மாவுக்கு மதிப்பெண் போட்டார். பிரேடன் அளவுகோல் என்று பெயர். பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் இருவரும் உருவாக்கியது, 1987-லேயே வெளிவந்துவிட்டது. வலியை உணர்கிறாரா, தோல் ஈரமாக இருக்கிறதா, எவ்வளவு நடமாட்டம், தானாகப் புரள்வாரா, சாப்பாடு போதுமா, உராய்வும் சறுக்கலும் உண்டா என்று ஆறே விஷயம். மொத்தம் 6 முதல் 23 வரை. 18-க்கோ அதற்குக் கீழோ வந்தால் புண் வரும் ஆபத்து உண்டு. அம்மாவுக்கு 11. பத்து நிமிஷ வேலை, ஒரு தாள், ஒரு பேனா. முதல் ஏஜென்சி இதைச் செய்திருந்தால் தனி ஆளை அனுப்பியிருக்க முடியாது. செய்யாததற்குக் காரணமும் அதுதானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

வருகிறவர் என் கண்முன்னால் ஒரு தடவை உணவு ஏற்றிக் காட்ட வேண்டும் என்றும் கேட்டேன். அவர் முதலில் கையைக் கழுவினார், மூக்கருகே குழாயில் போட்டிருந்த குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தார், கட்டிலை உயர்த்தினார், பிறகுதான் ஊசிக்குழலைத் தொட்டார். யாரும் சொல்லாமலே. சூப்பர்வைசர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பாரா என்றும், ராத்திரிக்கு வேறு ஆளா என்றும், ஏதாவது தவறு நடந்தால் யாருக்கு எத்தனை மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிப்பார்கள் என்றும் கேட்டு, பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினேன். ராத்திரிக்குத் தனி ஆள் என்றால் செலவு கூடத்தான் செய்கிறது. பாதி ராத்திரிகளை நானும் தம்பியும் பங்கு போட்டுக்கொள்கிறோம். அலாரம் வைத்து எழுந்து திருப்புகிறோம். தினம் காலையில் அம்மாவின் முதுகு, குதிகால், இடுப்பு எலும்பு எல்லாவற்றையும் நானே பார்க்கிறேன். அம்மாவுக்குக் கூச்சம்தான். எனக்கும்தான்.

புண் ஆற ஐந்து மாதம் ஆனது. முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது, மீதிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பழைய பதிவேடு தங்கள் நிறுவனத்தின் சொத்து, திருப்பிக் கொடுங்கள் என்று ஏஜென்சியிலிருந்து இன்னும் போன் வருகிறது. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இருந்தாலும் அசலைக் கொடுப்பதாக இல்லை.