காரைக்குடி கனவு வகுப்பு: காலையில் மட்டும் போங்கள்

காரைக்குடியில் ஒரு பழைய செட்டியார் வீட்டு வளவில் நடக்கும், கனவுகளுக்குப் பொருள் காணும் வகுப்புக்குப் போய்வந்தேன். காலை அமர்வு அருமை. 1909-இல் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் தன் மூத்த சகா ஃப்ராய்டிடம் சொன்ன கனவை, அதாவது மாடியிலிருந்து இறங்க இறங்க வீடு பழசாகிக்கொண்டே போய் கடைசியில் குகைக்குள் இரண்டு மண்டையோடுகள் கிடந்த கனவை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்து கேட்பதே தனி சுகம். ஃப்ராய்டு அந்த மண்டையோடுகளில் யாரோ சாகவேண்டும் என்ற ஆசையைத் தேட, யுங்கோ அந்த வீட்டில் மனிதர் எல்லோருக்கும் பொதுவான கூட்டு நனவிலியை, அதாவது நாம் அறியாமலே நமக்குள் இருக்கும் மன அடுக்கைப் பார்த்தாராம். மதியத்துக்கு அப்புறம்தான் சொதப்பல். பாம்பு வந்தால் இது, பல் விழுந்தால் அது என்று பட்டியல் படித்தார்கள். இதற்குப் பஞ்சாங்கமே போதுமே? கனவு கண்டவரின் வாழ்க்கையை விசாரிக்காமல் பலன் சொல்வதை யுங்கே ஏற்கவில்லை. கட்டணம் கூடுதல்தான். இடைவேளையில் தந்த கந்தரப்பம், ஓரம் மொறுமொறுவென்று, பிரமாதம்.