எஃப்.பி.ஐ.யின் வெறுப்புக் குற்றத் தரவுத்தளம்: சுழியத்தை நம்பலாமா?

அமெரிக்காவில் 2016 நவம்பரில் அதிபர் தேர்தல் முடிந்த கையோடு சிறுபான்மையினர் மீது வசையும் தாக்குதலும் பெருகினவா என்று தேடுவோர் பெரும்பாலும் போய் நிற்கும் இடம், யாரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடிய, அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் குற்றத் தரவுத்தளமே. இனம், மதம் போன்றவற்றின் மீதான வெறுப்பால் இழைக்கப்படும் குற்றங்களையே அது வெறுப்புக் குற்றங்கள் என்கிறது. ஆண்டு, மாநிலம், பாதிக்கப்பட்டவரின் இனம், மதம் என்று பிரித்துப் பார்க்கும் வசதி பாராட்டத்தக்கது. 2015 முதல் இந்துக்கள், சீக்கியர், அரேபியர் மீதான வெறுப்பும் தனித்தனித் தலைப்புகளில் பதிவாகிறது. பார்வைக்கு ஒழுங்கான தளம்தான்.

அது காட்டும் கணக்கு இது: 2015இல் 5,850 சம்பவங்கள், 2016இல் 6,121, 2017இல் 7,175. போக்கு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கும்போதுதான் நெருடுகிறது. 2016இல் எஃப்.பி.ஐ.க்கு வெறுப்புக் குற்றத் தகவல் தரும் திட்டத்தில் பங்கேற்ற 15,254 காவல் அமைப்புகளில் 1,776 மட்டுமே ஒரு சம்பவத்தையாவது பதிவு செய்தன. மற்றவை எல்லாம் சுழியம். தகவல் தருவது அவற்றின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதாலும், அடித்தவன் எதற்காக அடித்தான் என்று விசாரித்து எழுதும் பொறுப்பு உள்ளூர்க் காவலரிடமே இருப்பதாலும், அந்தச் சுழியத்துக்கு 'நடக்கவில்லை' என்று மட்டும் பொருள் கொள்ள முடியாது. அமெரிக்க நீதி அமைச்சகத்தின் புள்ளியியல் பிரிவு வீடு வீடாகக் கேட்டறிந்த கணக்கு, 2004 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக இரண்டரை லட்சம் வெறுப்புக் குற்றங்கள் என்கிறது. அவற்றில் பாதிக்கும் மேல் காவல்துறையை எட்டவே இல்லை. துல்சா நகரில் 2016இலும் சார்லட்ஸ்வில் நகரில் 2017இலும் நடந்த இரண்டு கொலைகள் வெறுப்புக் குற்றங்களாகவே வழக்காடப்பட்டும் இந்தப் பட்டியலில் இடம்பெறாமற் போயின. கொல்லப்பட்ட இருவரின் பெயரால், பதிவுமுறையைச் சீர்செய்ய 2021இல் ஜபாரா-ஹேயர் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

தாமதம் இன்னொரு குறை. 2016இன் புள்ளிவிவரம் 2017 நவம்பரில்தான் வெளிவந்தது. சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்ற உரிமை அமைப்போ, தேர்தலுக்குப் பிந்தைய பத்தே நாட்களில் 867 சம்பவங்களைத் திரட்டி அந்த மாதமே வெளியிட்டது. மற்ற இடங்களைவிடப் பள்ளிகளில் நிகழ்ந்தவையே அவற்றுள் அதிகம். அனைத்தின் உண்மையையும் உறுதிசெய்ய இயலவில்லை என்று அவ்வமைப்பே ஒப்புக்கொண்டது. முந்தைய ஆண்டின் அதே பத்து நாட்களோடு ஒப்பிட அதனிடம் கணக்கும் இல்லை. ஆயினும் வகுப்பறையில் ஒரு சிறுமியைப் பார்த்து "உன் நாட்டுக்குப் போ" என்பது பெரும்பாலும் சட்டப்படி குற்றமாகாது என்பதால், அத்தகையவற்றை எஃப்.பி.ஐ.யின் தளத்தில் எத்தனை முறை தேடினாலும் காண முடியாது.

நெடுங்காலப் போக்கை அறிய விரும்பும் மாணவருக்கும் செய்தியாளருக்கும் இத்தளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தம் ஊர் பாதுகாப்பானதா என்று பார்க்க வரும் குடும்பத்தினர், சம்பவ எண்ணிக்கைக்கு முன்பு அவ்வூர்க் காவல்துறை எத்தனை காலாண்டுகளுக்குக் கணக்கு அனுப்பியிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து பார்க்கட்டும்.