பழைய காரில் பேட்டரி வடிகிறதா? ஃபியூஸைப் பிடுங்குவதா, அளப்பதா?

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் புரோட்டோன் வீரா, பெரோடுவா கன்சில் கார்களில் இரவோடு இரவாக பேட்டரி இறங்கினால், திருடனைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு.

பழைய வழி: நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, 10 ஆம்பியர் அளவில் வைத்த மல்டிமீட்டரை அந்த கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் இணைத்து, ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. சுமார் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. எந்த ஃபியூஸை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ, கோளாறு அந்த வரிசையில். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

இன்னொரு வழியில் எதையும் கழற்ற வேண்டாம். ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் பார்த்தால் போதும். பூஜ்யம் என்றால் அதில் மின்சாரம் ஓடவில்லை. 10 ஆம்பியர் ஃபியூஸில் 0.1 மில்லிவோல்ட் காட்டினால், ஏறக்குறைய 13 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அதனால் 0.1 மில்லிவோல்ட் வரை நுணுக்கமாகக் காட்டும் மீட்டர் தேவை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மலிவு மீட்டரை நம்ப மாட்டேன்.

கணினிப் பெட்டிகள் நிறைந்த புதிய கார் என்றால் இரண்டாவதுதான். ஃபியூஸைப் பிடுங்கிச் செருகினாலே தூங்கும் பெட்டி விழித்துக்கொள்ளும். வீராவுக்கு என் ஓட்டு முதல் வழிக்கே. காரணம், பின்னால் பொருத்திய அலாரமும் ஆம்ப்ளிஃபையரும் பல நேரம் பேட்டரியிலிருந்தே நேராக வயர் இழுத்திருக்கும். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில், மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் டயோடு பழுதாகி ஏற்படும் கசிவும் பெட்டிக்குள் இருக்கும் சிறிய ஃபியூஸ்களில் தெரியாது. எல்லாவற்றையும் பிடுங்கியும் எண் இறங்கவில்லையா? அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை எடுத்துவிட்டு, பேட்டரியையும் மீட்டரையும் பழையபடி இணைத்து மறுபடி அளந்து பாருங்கள்.