லாஸ் வேகஸ் டு கிராண்ட் கேன்யன்: ஒருநாள் பஸ் டூர் தேறுமா?

புக் செய்யுமுன் 'சவுத் ரிம்' (பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 'வெஸ்ட் ரிம்' என்றால் அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். கண்ணாடித் தளமான ஸ்கைவாக் இருப்பது அங்கேதான். 1919-ல் அறிவித்த தேசியப் பூங்காவுக்குள் அது வராது. தூரம் பாதிக்கும் குறைவு என்று அதை வாங்கிவிட்டு, படத்தில் பார்த்த, சவுத் ரிம்மிலுள்ள மேதர் பாயின்ட் காட்சிமுனையைத் தேடுகிறவர்கள் உண்டு.

சவுத் ரிம்முக்கு ஒரு வழி சுமார் 450 கிலோமீட்டர். விடிகாலையில் ஹோட்டல் வாசலில் ஏறினால், இரவு எட்டு ஒன்பதுக்குத்தான் திரும்பி இறங்கலாம். அதில் விளிம்பில் நிற்கக் கிடைப்பது மூன்று மணி நேரம். ஹூவர் அணையில் ஒரு போட்டோ, ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலை ஊரில் சாவிக்கொத்துக் கடை என்று வழியில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இந்த மூன்று மணியிலிருந்துதான் கழியும். நிறுத்தம் குறைந்த டூரே மேல்.

பெரும்பாலான பஸ்கள் மேதர் பாயின்டில் ஒருமுறை இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றி, விடுதிகள் இருக்கும் கிராண்ட் கேன்யன் வில்லேஜில் பிரைட் ஏஞ்சல் லாட்ஜ் பக்கம் இறக்கும். இந்த இடைச் சவாரியை விட்டுவிட்டு, கைடிடம் சொல்லிவிட்டு ரிம் டிரெயிலில் நடங்கள். மேதரிலிருந்து யவபாய் அருங்காட்சியகம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து வில்லேஜ் இரண்டு கிலோமீட்டர். நல்ல தளம் போட்ட பாதை. பின்பாதிக்கு 'டிரெயில் ஆஃப் டைம்' என்று பெயர்: ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு. மீட்டருக்கு ஒரு உலோக வில்லை தரையில் பதித்திருக்கும். ஓரத்தில் அந்தந்தக் காலத்துப் பாறைகள். வழவழவென்று இழைத்த முகத்தைத் தொட்டுப் பார்க்கலாம். விளிம்பிலுள்ள கைபாப் சுண்ணாம்புக்கல்லுக்கு 27 கோடி வயது. அடியாழத்துக் கறுத்த பாறை 170 கோடியைத் தாண்டும். அதன் பெயர் விஷ்ணு ஷிஸ்ட். நம் பெருமாள்தான். கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் இங்குள்ள குன்றுகளுக்கு விஷ்ணு டெம்பிள், ஷிவா டெம்பிள் என்று பெயரிட்டார். பாறைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

கீழே இறங்க ஆசையென்றால், பிரைட் ஏஞ்சல் பாதையின் முதல் குகைப்பாதை வரை போய்த் திரும்புங்கள், போதும். இறங்கிய நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஆகும். விளிம்பே 2,100 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும். குளிர்காலத்தில் அந்தப் பாதையின் மேற்பகுதி நிழலில் பனிக்கட்டியாக இறுகிக் கிடக்கும். ஷூவுக்கு மாட்டும் முள்பட்டை இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

பஸ்ஸைத் தவறவிடுவதற்குப் பெரும்பாலும் கடிகாரம்தான் காரணம். அரிசோனாவில் கோடைக்கால நேரமாற்றம் கிடையாது. அதனால் நவம்பர் தொடங்கி மார்ச் வரை அது நெவாடாவைவிட ஒரு மணி முன்னால் ஓடும். செல்போன் தானே மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. 'மூன்றரைக்கு பஸ்' என்று கைடு சொன்னால், எந்த ஊர் மூன்றரை என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அனுப்புகிறவர்களுக்கு: 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். டூர் விலையில் அது சேர்த்தியா என்று கேளுங்கள். மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் பெரும்பாலும் வான்கோழி சாண்ட்விச்தான். சைவம் வேண்டுமென்றால் புக் செய்யும்போதே குறித்தாக வேண்டும். புளியோதரை கட்டிக்கொண்டு போவது அதைவிடப் புத்திசாலித்தனம். ஆனால் வில்லேஜ் பெஞ்சில் பொட்டலத்தைப் பிரித்தால் பாறை அணில் மடிவரை ஏறி வரும். ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள்: அது சட்டப்படி குற்றம், தவிர, அந்த அணில் கடிக்கும்.